குழாய் வந்ததை யார் பார்த்தார்?

மழைநீர் சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் ஒரு நெளிவுத் தகட்டுக் குழாயைப் பதித்து, மேலே மண்ணும் கிராவலும் கொட்டி மூடிவிடுவார்கள். அதன்பின் அந்தக் குழாய் பத்தடியா இருபதடியா, தகட்டின் கனம் என்ன என்பதெல்லாம் தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். சில இடங்களில் குழாயே இல்லை என்பதும் அப்போதுதான் தெரியவரும். அமெரிக்கத் தென்மாநிலங்களின் நாட்டுப்புறத்தில் பொதுப்பணிப் பணம் எப்படிக் கரைந்தது என்று விசாரிக்கப் போனால், திரும்பத் திரும்ப இந்தக் குழாயிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

மிஸிசிப்பி மாநிலத்தில் 82 கவுண்டிகள். நம் வட்டத்தைவிடப் பெரியது, மாவட்டத்தைவிடச் சிறியது என்று கவுண்டியை வைத்துக்கொள்ளலாம். அங்கே ஆட்சியர் கிடையாது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவர் குழுவே ஆட்சி. கவுண்டியை ஐந்து பிரிவாக வெட்டி, பிரிவுக்கு ஒரு சூப்பர்வைசர் என்று 1890ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பு வகுத்தது. அந்தப் பிரிவுக்குப் பேச்சுவழக்கில் ‘பீட்’ என்று பெயர். ஐந்து பீட்டுக்கு ஐந்து சூப்பர்வைசர் வீதம், மாநிலம் முழுக்க 410 பேர்.

பீட் முறையில் சாலைப் பணத்தை ஐந்தாகப் பங்கிட்டுவிடுவார்கள். ஒவ்வொரு சூப்பர்வைசருக்கும் தனி வேலையாட்கள், தனி வண்டிகள், தனி யார்டு. எந்தச் சாலைக்கு முதலில் கிராவல் என்று முடிவு செய்வதும், குழாய்க்கு ஆர்டர் கொடுப்பதும் அவரே. சரக்கு அவருடைய யார்டில் அவருடைய ஆட்களிடம்தான் இறங்கும். வந்து சேர்ந்ததாகப் பில்லில் கையெழுத்துப் போடுவதும் அவரே. குழுக் கூட்டத்தில் மற்ற நால்வரும் அந்தப் பில்லை ஒப்புக்கொள்வார்கள். அடுத்து வரவிருப்பது அவர்கள் பில் அல்லவா!

1980களின் நடுவில் எஃப்.பி.ஐ. இந்த ஏற்பாட்டுக்குள் புகுந்தது. குழாய் வியாபாரமும் செய்துவந்த பெந்தெகொஸ்தே போதகர் ஒருவர், கமிஷன் தராமல் சூப்பர்வைசர்களிடம் சரக்கு விற்க முடியவில்லை என்று போய்ச் சொன்னதுதான் தொடக்கம். மிட்-ஸ்டேட் பைப் கம்பெனி என்ற போலி நிறுவனத்தைத் தொடங்கி, ரகசிய ஏஜென்டுகளையே விற்பனையாளர்களாக ஊர் ஊராக அனுப்பினார்கள். கல்வெர்ட் குழாய், சாலை சீவும் கிரேடர் வண்டிக்கு பிளேடு போன்றவைதான் சரக்கு. ‘ஆபரேஷன் பிரிடென்ஸ்’ என்று பெயரிட்ட அந்த நடவடிக்கை 1987இல் வெளியே வந்தபின், 26 கவுண்டிகளைச் சேர்ந்த 57 சூப்பர்வைசர்கள்மீது வழக்குகள் பாய்ந்தன. பெரும்பாலோர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். சரக்கு விற்றவர்களும் சிலர் மாட்டினார்கள்.

410 பேரில் 57 பேர், அதாவது ஏழில் ஒருவர். இந்தக் கணக்கை அப்படியே ஊழலின் அளவு என்று சொல்கிறவர்கள் உண்டு. அது தவறு. ஏஜென்டுகள் எல்லாக் கதவையும் தட்டவில்லை. தட்டிய கதவுகளையும் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. புகை தெரிந்த பக்கமாகத்தான் போனார்கள். ஆகவே மிச்சம் 353 பேர் யோக்கியர்கள் என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது, எல்லாருமே கள்ளர்கள் என்றும் சொல்ல முடியாது. பொறி வைத்துப் பிடித்தது நியாயமா என்ற கேள்வியும் எழுந்தது. அதில் எனக்குப் பெரிய தயக்கம் இல்லை. வீதம் என்ன, பங்கு எப்படி என்பது வாங்கியவர்களுக்கு ஏற்கெனவே பழகிய பாடம். போலி கம்பெனி வந்து புதிதாகக் கற்றுக்கொடுக்கவில்லை.

பணம் அடிக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, வாங்கிய சரக்கின் விலையில் சதவீதக் கமிஷன். இன்னொன்று, வராத சரக்குக்கே பில். ஓக்லஹோமாவில் 1980களின் தொடக்கத்தில் இதே மாதிரி ஒரு பெரும் வழக்கு நடந்து, கவுண்டி கமிஷனர்களும் சப்ளையர்களுமாக 200க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றார்கள். அங்கே கமிஷன் பத்து சதவீதம் என்பது ஏறக்குறைய சட்டம் மாதிரி. வராத சரக்குக்குப் போட்ட பில்லுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘நீலவானம்’. விற்றது வெறும் வானம். வந்த பணத்தில் ஆளுக்குப் பாதி. தொழில் செய்கிறவர்கள் தங்கள் தொழிலுக்கு வைக்கும் பெயர்களில் சில சமயம் கவிதை இருக்கிறது, பாவம்.

இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் மிகவும் எளிதானது, ‘தெற்கத்திக்காரர்களே அப்படித்தான்’ என்பது. வடக்கத்திப் பத்திரிகைகளுக்கு இது வசதியான விளக்கம். ஆனால் அதே 1987இல் நியூயார்க் மாநிலத்திலும் எஃப்.பி.ஐ. இரும்புச் சாமான் விற்பவர் வேஷத்தில் சிற்றூர் அதிகாரிகளிடம் போனது. 106 முறை லஞ்சம் நீட்டினார்கள். 105 முறை வாங்கிக்கொண்டார்கள். மறுத்த ஒருவர், தொகை போதவில்லை என்று மறுத்தார். இதற்குப் பிறகும் மிஸிசிப்பியின் மண்வாகைப் பழி சொல்வது நேர்மையல்ல. நியூயார்க் ஊர்களிலும் சாலைச் சாமான் வாங்குபவர் ஒருவரே, வாங்கியதைப் பார்ப்பவரும் அவரே. ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

பீட் முறைக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதங்களில் கனமானது உள்ளூர் வணிகம் பற்றியது. கவுண்டியின் வரிப்பணம் கவுண்டிக்குள்ளேயே சுழல வேண்டும். பீட்டுக்காரர் தெரிந்த கடையில் வாங்குவார், கடைக்காரர் நாலு பேருக்கு வேலை தருவார். தலைநகரத்து ஏலத்தில் எங்கோ இருக்கும் பெரிய கம்பெனி கொண்டுபோவதைவிட இது மேல். தொழிற்சாலை இல்லாத, பருத்தி வேலையும் இயந்திரத்துக்குப் போய்விட்ட கவுண்டிகளில் சாலைப் பணமும் பள்ளிப் பணமும்தான் கையில் புழங்கும் காசு. எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல இது.

ஆனால் சரக்கு சரக்காகப் பிரித்துப் பார்த்தால் வாதம் பாதிதான் நிற்கிறது. கிராவல் உள்ளூர்ப் பள்ளத்திலிருந்து வருகிறது. டயர் பஞ்சர், எஞ்சின் வேலை எல்லாம் உள்ளூர்க் கைகளின் உழைப்பு. இவற்றில் பீட்டுக்காரர் தெரிந்த இடத்தில் வாங்குவதால் ஊருக்கு உண்மையாகவே நன்மை உண்டு. வண்டி பழுதானால் அன்றே வந்து நிற்கும் மெக்கானிக்கின் மதிப்பு எந்தக் கொட்டேஷனிலும் தெரியாது. குழாயும் பிளேடும் அப்படியல்ல. தகடு உருட்டுவது எங்கோ. ஊர் வழியாகப் போவது பில் மட்டும். அந்த இடைலாபத்தில் ஊருக்குத் தங்குவது சொற்பம், அதிலும் ஒரு பங்கு சூப்பர்வைசரின் சட்டைப்பைக்குப் போகிறது. மோசடி அதிகமாக மொய்த்தது எந்தச் சரக்கில் என்று பாருங்கள்: எங்கோ செய்யப்பட்டு, இங்கே கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் போகும் சரக்கில்.

இன்னொன்றும் உண்டு. இந்த ஏற்பாட்டில் முதலில் அடிபட்டவர் வரி கட்டியவர் அல்ல, நேர்மையாக விற்க நினைத்த வியாபாரி. வரி கட்டியவருக்கு நஷ்டம் தெரியவேயில்லை. அவர் வீட்டு வாசல் தடத்துக்கு சூப்பர்வைசர் இரண்டு லோடு கிராவல் கொட்டிவிட்டுப் போயிருப்பார். தனியார் நிலத்தில் பொதுக் கிராவல் கொட்டுவது சட்டவிரோதம் என்பது இருவருக்கும் தெரியும். வாக்கு விழுந்தது அந்தக் கிராவலுக்குத்தான். புகார் வாக்காளரிடமிருந்து வராமல் வியாபாரியிடமிருந்து வந்ததில் அதனால் வியப்பில்லை. கமிஷன் கொடுக்காதவர் கடையை மூட வேண்டும், கொடுப்பவர் விலையை ஏற்ற வேண்டும் என்றால், அங்கே உள்ளூர் வணிகம் என்று காப்பாற்றப்பட்டது எது?

மாற்று என்று முன்வைக்கப்பட்டது யூனிட் முறை. கவுண்டி முழுவதும் ஒரே அலகு. ஒரு நிர்வாகி, ஒரு சாலை மேலாளர், ஒரே யார்டு, ஒரே கொள்முதல். மாநிலத் தணிக்கையாளராக இருந்து கவுண்டிக் கணக்குகளைக் குடைந்த ரே மேபஸ், 1987 தேர்தலில் வென்று 1988இல் ஆளுநரானார். யூனிட் முறைக்கு முன்நின்று வாதாடினார். 1988இல் சட்டம் வந்தது. எந்த முறை வேண்டும் என்று அந்தந்தக் கவுண்டி மக்களே நவம்பரில் வாக்களிக்கலாம் என்றார்கள். பாதிக்கு மேற்பட்ட கவுண்டிகள் யூனிட்டுக்குப் போயின. மற்றவை பீட்டிலேயே நின்றன.

இதை மட்டும் பார்த்தால், சீர்திருத்தம் பாதிக் கிணறு தாண்டியது என்று எழுதிவிட்டுப் போகலாம். பலர் அப்படித்தான் எழுதினார்கள். அலபாமாவையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது.

அலபாமாவின் எட்டோவா கவுண்டியில் ஒவ்வொரு கமிஷனரும் தன் பிரிவின் சாலைப் பணத்தைத் தானே செலவிட்டு வந்தார். வாக்குரிமை வழக்கொன்றின் சமரசத் தீர்ப்பால் 1986இல் பிரிவுகள் மாற்றி வகுக்கப்பட்டன. குழு ஆறு பேராகியது. லாரன்ஸ் பிரெஸ்லி என்ற கறுப்பினத்தவர் தேர்வானார். அந்தக் குழுவில் நவீன காலத்தின் முதல் கறுப்பின உறுப்பினர் அவர். 1987 ஆகஸ்டில், பழைய கமிஷனர்கள் நால்வரும் சேர்ந்து தீர்மானம் போட்டார்கள்: இனிச் சாலைப் பணம் எல்லாம் ஒரே பொதுநிதி, செலவைப் பெரும்பான்மை முடிவு செய்யும். சாலை ஆட்களை மேற்பார்க்கும் வேலையைத் தங்களுக்கே வைத்துக்கொண்டார்கள். பிரெஸ்லிக்குக் கிடைத்தது நீதிமன்றக் கட்டடத்தின் பராமரிப்பு.

பொதுநிதி, கவுண்டி முழுவதற்கும் ஒரே பார்வை. காகிதத்தில் பார்த்தால் இது மிஸிசிப்பியின் நல்லவர்கள் கேட்ட அதே சீர்திருத்தம். அதே அலபாமாவின் ரஸ்ஸல் கவுண்டியில், சாலை வேலை தொடர்பாக ஒரு கமிஷனர்மீது வழக்கு வந்தபின் 1979இலேயே யூனிட் முறை வந்திருந்தது. அங்கே கறுப்பின உறுப்பினர்கள் பின்னால்தான் வந்தார்கள், வந்தபோது பிரிவின் அதிகாரம் பொறியாளர் கைக்குப் போயிருந்தது. இரண்டு கவுண்டிகளிலும் இந்த மாற்றங்களை எதிர்த்து எழுந்த வழக்குகளைச் சேர்த்து உச்ச நீதிமன்றம் 1992இல் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பளித்தது. இவை வாக்களிப்பைப் பற்றிய மாற்றங்கள் அல்ல, அதிகாரிகளுக்குள் அதிகாரத்தைப் பங்கிடுவது. ஆகவே வாக்குரிமைச் சட்டப்படி மத்திய அரசிடம் முன் அனுமதி பெறத் தேவையில்லை என்றார் நீதிபதி கென்னடி. மாறுபட்ட நீதிபதி ஸ்டீவன்ஸ், ஒரு கறுப்பின வேட்பாளர் வென்ற பிறகு அந்தப் பதவியின் அதிகாரத்தை எடுத்து மாற்றி வைப்பதாவது சட்டத்துக்குள் வர வேண்டும் என்றார்.

ஸ்டீவன்ஸ் சொன்னதே சரி என்று நினைக்கிறேன். தேதிதான் இங்கே சாட்சி. ரஸ்ஸல் கவுண்டி ஊழலைக் கண்டபின் முறையை மாற்றியது. எட்டோவா வந்தவரைக் கண்டபின் மாற்றியது. எட்டோவாவில் அதற்கு முன் எத்தனையோ ஆண்டுகள் பிரிவுவாரிச் செலவு நடந்தபோது, பொதுநிதியின் நன்மை அந்த நால்வருக்கும் தோன்றவில்லை. மிஸிசிப்பியிலும் இந்த நிழல் உண்டு. கறுப்பினத்தவர் வாக்குப் பெற்ற கையோடு, 1966இல், சூப்பர்வைசர்களைப் பிரிவுவாரியாக அல்லாமல் கவுண்டி முழுதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கலாம் என்று சட்டம் போட்டார்கள். முன் அனுமதி இல்லாமல் அது செல்லாது என்று 1969இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. பீட்டை ஒழிப்போம் என்ற குரலைக் கேட்டுச் சில கறுப்பின வாக்காளர்கள் காதைப் பொத்திக்கொண்டிருந்தால், அதைப் பிற்போக்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்படியானால் பீட் முறையைக் காப்பாற்றிவிடலாமா? அதுவும் முடியாது. பிரித்துப் பார்க்க வேண்டும். பீட் என்பதில் இரண்டு பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஒன்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் பிரிவு, இன்னொன்று அவர் தனியே வாங்கிச் செலவழிக்கும் பிரிவு. திருட்டு நடந்தது இரண்டாவதில். அதை அடைக்க முதலாவதன் அதிகாரத்தையும் உருவியது யூனிட் வாதத்தின் குறை.

ஒட்டியதைப் பிரிக்க முடியும் என்பதற்கு ஓக்லஹோமா இருக்கிறது. 200 பேர் தண்டனை பெற்ற பிறகும் அங்கே பிரிவு கமிஷனர்கள் போகவில்லை. இன்றும் தங்கள் பிரிவுச் சாலையைத் தாங்களே பார்க்கிறார்கள். மாறியது கொள்முதல் வழி. தேவை என்று எழுதுபவர் ஒருவர், ஆர்டர் கொடுப்பவர் வேறொருவர், சரக்கு வந்ததை எண்ணிக் கையெழுத்திடுபவர் மூன்றாமவர். மிஸிசிப்பியின் 1988 சீர்திருத்தத்திலும் இதே ஏற்பாடு உண்டு, ஆனால் யாரும் அதைப் பற்றி மேடையில் பேசவில்லை. கொள்முதல் எழுத்தர், சரக்குப் பெறும் எழுத்தர், இருப்புப் பதிவு எழுத்தர் ஆகியோர் பீட்டிலேயே நின்ற கவுண்டிகளுக்கும் கட்டாயமானார்கள்.

என் தீர்ப்பு இந்த எழுத்தர்கள் பக்கம். வாக்குச் சீட்டில் கேட்கப்பட்ட ‘பீட்டா, யூனிட்டா’ என்ற கேள்வி தவறான கேள்வி. யூனிட் கவுண்டியிலும் சாலை மேலாளரே ஆர்டர் போட்டு, சரக்கைப் பெற்று, பில்லையும் ஒப்புக்கொண்டால், ஐந்து குட்டி ராஜாக்களுக்குப் பதில் ஒரு பெரிய ராஜா. அவரை வாக்களித்து இறக்கவும் முடியாது. பீட் கவுண்டியில் சூப்பர்வைசருக்குக் கீழ்ப்படியாத ஒரு எழுத்தர் யார்டில் நின்று, லாரியிலிருந்து இறங்கும் குழாயை டேப் வைத்து அளந்து எழுதினால், சாலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிரிவிடமே இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு நிபந்தனை: அந்த எழுத்தரை நியமிப்பதும் நீக்குவதும் சூப்பர்வைசர் ஒருவர் கையில் இருக்கக் கூடாது. சிறிய கவுண்டியில் எல்லாரும் உறவுக்காரர்கள், ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள். இந்த ஏற்பாடு ஓட்டையாகக்கூடிய இடம் அதுதான்.