கழுத்து நெரிப்பில் கால்களுக்கு என்ன வேலை?

நோ-கி கிராப்ளிங் பாடங்களைக் கொஞ்ச நாளாக யூட்யூபில் தொடர்ந்து பார்த்து வருகிறேன். நோ-கி என்றால் தடித்த அங்கி இல்லாமல், டி-ஷர்ட்டும் ஷார்ட்ஸும் போட்டுச் செய்யும் ஜியு-ஜிட்சு. அதில் ஒரு நிலை: எதிராளி குனிந்திருக்கிறார், அவர் தலை நம் நெஞ்சுக்குக் கீழே மாட்டியிருக்கிறது. இந்த முன் தலைப்பிடியிலிருந்து டார்ஸ், அனகோண்டா என்று இரண்டு நெரிப்புகள் பிரபலம். இவற்றை முடிக்கச் சொல்லித்தருவதில்தான் எனக்கு மனக்குறை.

கேமரா கையை விட்டு நகர்வதே இல்லை. டார்ஸில் நம் கை அக்குள் வழியாக நுழைந்து கழுத்துப் பக்கம் வெளியே வரும். அனகோண்டாவில் கழுத்துப் பக்கம் நுழைந்து அக்குளில் வரும். இரண்டிலும் மறு கையின் பைசெப்ஸில் பூட்டு. இதை நாலு கோணத்தில் காட்டிவிட்டு, "இப்ப இறுக்குங்க" என்று முடித்துவிடுகிறார்கள். பாடம் ஆரம்பிக்க வேண்டிய இடமே அதுதான்!

ஏன் என்றால், இந்த நெரிப்பு மூச்சுக்குழாயை அடைப்பது அல்ல. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளை அழுத்துவது. ஒரு பக்கத்தை நம் கை அழுத்துகிறது. மறு பக்கத்தை அழுத்துவது எதிராளியின் சொந்தத் தோள். அந்தத் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் தாடைதான் வலிக்கும், கழுத்து முறுகும். நம் கையும் சோர்ந்துபோகும். இடைவெளியை மூடுவது உடம்பின் எடை. டார்ஸில் இடுப்பைத் தாழ்த்தி நெஞ்சை அவர் தோள்மேல் சாய்ப்பது, அனகோண்டாவில் உருண்டபின் அவர் கால்களை நோக்கி நம் கால்களால் நடந்துபோவது. சரியாக மூடினால் பத்து நொடிக்குள்ளேயே மயக்கம் வரலாம். அதனால்தான் எதிராளி தட்டிய உடனே விடணும். மூடாமல் முரட்டுத்தனமாக இறுக்கினால் கூடப் பயிற்சி செய்கிறவர் கழுத்துக்குத்தான் ஆபத்து. புதுசா கத்துக்கிறவங்க அதிகம் பார்ப்பது இந்த வீடியோக்களைத்தான் என்பதால் இதைச் சின்னக் குறை என்று விட முடியவில்லை.

இந்த விஷயத்தில் சாத்தந்தையார் பரவாயில்லை. புறநானூற்றின் 80ஆம் பாட்டு, போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைப் பற்றியது. சின்னப் பாட்டு. ஆனால் ஒரு கால் மல்லனின் மார்பில் மண்டியிட்டிருப்பதையும், இன்னொரு கால் அவன் செய்யவரும் உபாயத்தைத் தடுத்துப் பின்பக்கம் போயிருப்பதையும் தனித்தனியாகச் சொல்லிவிடுகிறார். கையைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. (கிள்ளியின் அப்பா தித்தன் இதைப் பார்க்கணும் என்று ஒரு குத்தலும் உண்டு.) மல்லுக்கட்டைப் பார்க்கத் தெரிந்தவர்.

இன்னொரு வேடிக்கை. சர்வதேச மல்யுத்த விதியில் நெரிப்புக்குத் தடை. தலையை மட்டும் கட்டிப் பிடிப்பதும் கூடாது, ஒரு கையையும் சேர்த்தே பிடிக்கணும். கழுத்தைக் காப்பாற்ற வந்த விதிதான். ஆனால் தலையும் ஒரு கையும் சேர்ந்தால், அது டார்ஸுக்கும் அனகோண்டாவுக்கும் வேண்டிய அதே வடிவம்! நம் ஊர் மல்யுத்த வீரர்கள் தினமும் போடும் பிடி பாதி நெரிப்பு. மீதிப் பாதியைப் போடவும் தடுக்கவும் அவர்களுக்குச் சந்தர்ப்பமே அமைவதில்லை.

2017 நவம்பரில் ஷாங்காயில், மல்யுத்தத்திலிருந்து யுஎஃப்சி-க்குப் போன மகாராஷ்டிர வீரர் பரத் கந்தாரே, 19 வயது சாங் யாடோங்கிடம் முதல் சுற்றிலேயே கில்லட்டின் நெரிப்பில் தோற்றார். கில்லட்டினும் முன் தலைப்பிடிக் குடும்பம்தான். மல்யுத்தக்காரருக்குத் தரைச்சண்டை தெரியாது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பிடி தெரிந்தவருக்கு முடிப்பைக் கற்றுத்தர ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

வீடியோதான் கதி என்றால், பாடங்களைவிட நிஜச் சண்டைகள் மேல். 2016 ஜூலையில் டோனி ஃபெர்குசன், லாண்டோ வன்னாட்டாவை டார்ஸில் முடித்த சண்டையைத் தேடிப் பாருங்கள். முதல் தடவை எப்படி வேண்டுமானாலும் பாருங்கள். இரண்டாவது தடவை கையைக் கண்டுகொள்ளாமல், இடுப்பையும் காலையும் மட்டும்.