பிள்ளைத்தாய்ச்சியும் நீதிமன்றமும்

கவிதையையும் புதினத்தையும் திறனாய்வு செய்வதுபோல் ஒரு தீர்ப்பையும் திறனாயலாமா? தீர்ப்பும் ஒரு பனுவலே. அதற்கும் மாந்தர் உண்டு, முரண் உண்டு, முடிவு உண்டு. சொல்லாமல் விட்டவையும் உண்டு. 'எக்ஸ் எதிர் இந்திய ஒன்றியம்' என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 16 அன்று வழங்கிய தீர்ப்பை அந்த நோக்கில்தான் மீண்டும் படித்தேன்.

கதை சிறிது. வழக்கிட்டவர் 27 வயதுப் பெண். இரு குழந்தைகளின் தாய். இரண்டாம் பேற்றுக்குப் பின் வந்த மனச்சோர்வுக்கு மருந்துண்டு வந்தவர். பாலூட்டும் காலத்தில் மாதவிலக்கு நின்றிருந்தமையால் மூன்றாம் கருவை அறியவே அவருக்கு நாளாயிற்று. அக்டோபர் 9 அன்று இரு பெண் நீதியரசர்கள் கருக்கலைப்புக்கு இசைந்தனர். சிசு உயிருடன் பிறக்கக்கூடுமே, அதன் இதயத் துடிப்பை நிறுத்த வேண்டுமா என்று எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர் கேட்டெழுதினார். 11ஆம் நாள் அதே இருவர் பிரிந்து நின்றனர். பின்னர்த் தலைமை நீதியரசர் சந்திரசூட் தலைமையிலான மூவர் ஆயம் அனுமதி மறுத்தது. அப்போது கருவுக்கு 26 வாரம் 5 நாள்.

நீதிமன்றம் உயிரின் பக்கம் நின்றது என நம்மவர் பலர் மகிழ்ந்தனர். புதுக்கோட்டையில் எங்கள் வாசகர் வட்டத்திலும் அதே மகிழ்ச்சி. என்னால் அதில் முழுதும் கலந்துகொள்ள இயலவில்லை. தீர்ப்பு எதன்மேல் நிற்கிறது? சட்டத்தின் வாரக்கணக்கின்மேல். 1971ஆம் ஆண்டுச் சட்டம் 20 வாரம் என்றது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் சில வகைப் பெண்களுக்கு மட்டும் அதை 24 ஆக்கியது. அதற்கு மேல், தாயின் உயிரைக் காக்க உடனடித் தேவை இருக்க வேண்டும். அல்லது சிசுவுக்குக் கடுமையான குறைபாடு உண்டென மருத்துவ வாரியம் கூற வேண்டும். இந்தச் சிசுவுக்கு அத்தகைய குறை இல்லை, ஆகவே பிழைத்தது. குறை இருந்திருந்தால் 26 வாரமும் அதைக் காத்திராது. ஊனமுற்ற சிசுவுக்கு வார வரம்பே இல்லை! கைதட்டியவர் எவரும் இந்த இடத்தில் தயங்கியதாகத் தெரியவில்லை.

மொழியையும் சொல்ல வேண்டும். நம் சிற்றூர்களில் கருவுற்றவளைப் 'பிள்ளைத்தாய்ச்சி' என்பர். பிள்ளையும் தாயும் பிரியாத ஒரே சொல். வழக்கோ அவ்விருவரையும் எதிரெதிர்த் தரப்பாக நிறுத்திவிட்டது. மருத்துவச் செலவை அரசு ஏற்கும், விரும்பினால் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்பவற்றோடு தீர்ப்பின் பரிவு நின்றுவிடுகிறது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை அறிந்த நமக்கு இது புதிதன்று. குழந்தைக்குத் தொட்டில் கிடைத்தது, தாய்க்கு?

வட்டத்தில் ஒரு மூதாட்டி இருக்கிறார், மகப்பேற்றுப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர். "கலைக்காதே என்று சொன்ன நம்மில், மறுவாரம் அவள் வீட்டுக்குப் போனவர் யார்?" என்றார். நாங்கள் தலைகுனிந்தோம். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1995இல் எழுதிய 'வாழ்வின் நற்செய்தி' மடலின் 99ஆம் பத்தியில், கருக்கலைப்புச் செய்த பெண்களிடம் நேராகவும் கனிவாகவும் பேசுகிறார். கருக்கலைப்பை அத்துணைக் கடுமையாகக் கண்டித்த அதே ஏடு அது. நம் மேடைகளில் கண்டனப் பகுதியே மிகுதியும் ஒலிக்கிறது.

பனுவல் என்ற அளவில், இறுதித் தீர்ப்பினும் 11ஆம் நாளின் இரு ஆணைகளே எனக்கு மேலாகப் படுகின்றன. தம் மனச்சான்று இடந்தரவில்லை என்றார் ஹிமா கோலி. தன் முடிவில் உறுதியாக நின்ற அத்தாயின் விருப்பை மதிக்க வேண்டும் என்றார் நாகரத்னா. நான் முதலாமவர் பக்கம். ஆயினும் இரண்டாமவருடைய ஆணையைத்தான் இருமுறை படித்தேன், அதில் அந்தப் பெண் இருக்கிறாள்.