எழுவாய் யார்? புதிய செனட்டரின் முதலாண்டும் இல்லினாய் இதழ்களும் (2005)

ஆய்வுச் சுருக்கம்

2004 நவம்பரில் இல்லினாய் மாநிலத்திலிருந்து அமெரிக்கச் செனட் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பராக் ஒபாமா. அவருடைய முதலாண்டுப் பணிகள் உள்ளூர் இதழ்களில் செய்தியான முறையை இக்கட்டுரை மதிப்பிடுகின்றது. செய்தியின் எழுவாயாகச் செனட்டர் நிற்கும்போது அவர்தம் பணி மங்குகின்றது. மாநில மக்களின் சிக்கல் எழுவாயாகும்போதே அப்பணி அளக்கத்தக்கதாகின்றது என்பது இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: செனட் அவை, உள்ளூர் இதழியல், இல்லினாய், முன்னாள் படைவீரர் இழப்பீடு, பொறுப்புடைமை.

முன்னுரை

புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரின் தொடக்கப் பணிகளைப் பற்றி எழுதுவது இதழியலில் எளிய வேலைபோல் தோன்றும். பதவியேற்பு, அலுவலகத் திறப்பு, முதல் உரை, முதல் மசோதா எனச் செய்திகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். ஆயினும் வாக்களித்த மக்கள் அறிய விரும்புவது வேறு. தங்கள் வாழ்வில் எது மாறிற்று, அம்மாற்றத்தில் அவருடைய பங்கு யாது என்பதே அவர்தம் வினா. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை இல்லினாய் மாநிலத்தின் 2005 ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டுகின்றது.

ஒபாமா 2005 சனவரி 4 அன்று பதவியேற்றார். அதற்கு முந்தைய சூலையில் சனநாயகக் கட்சி மாநாட்டில் ஆற்றிய உரையால் அவர் நாடறிந்தவராகியிருந்தார். தேர்தலில் ஏறத்தாழ 70 விழுக்காட்டு வாக்குகளைப் பெற்றார். வென்ற மறுநாளே 2008 குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிடுவாரா என்னும் வினாவுக்கு விடையளிக்க வேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது. பணி தொடங்குமுன்பே ஆள் செய்தியாகிவிட்ட சூழல் இது. எனவே உள்ளூர் இதழ்களின் முன்னிருந்த சோதனை ஏனைய மாநிலங்களில் இருந்ததைவிடக் கடினமானது.

புதியவரின் பணியை அளப்பதிலுள்ள இடர்

அமெரிக்கப் பேரவை உறுப்பினர் தம் தேர்தல் நலம் கருதிச் செய்யும் செயல்களை அரசியல் அறிஞர் டேவிட் மேஹ்யூ 1974 இல் மூன்றாக வகுத்தார். தம் பெயரை மக்கள் மனத்தில் பதித்தல், கிடைத்த பலனுக்குத் தாமே காரணம் என உரிமை கோரல், நிலைப்பாட்டை அறிவித்தல் என்பன அவை. இம்மூன்றிலும் செய்தியின் எழுவாய் உறுப்பினரே. அவருடைய அலுவலக அறிக்கையைத் தழுவி எழுதப்படும் செய்தி இந்த இலக்கணத்தை அப்படியே ஏற்றுக்கொள்கின்றது. 'வலியுறுத்தினார்', 'கேட்டுக்கொண்டார்', 'அறிமுகப்படுத்தினார்' என்னும் பயனிலைகளோடு அது முடிந்துவிடுகின்றது.

ஒபாமாவின் அன்றைய இருப்பு இவ்விடரை மிகுவித்தது. 100 பேர் கொண்ட அவையின் பணிமூப்பு வரிசையில் அவர் 99 ஆவது இடத்தில் இருந்தார். குடியரசுக் கட்சியினர் 55 பேர் இருந்த அவையில் அவர் சிறுபான்மைக் கட்சியைச் சார்ந்தவர். இந்நிலையிலுள்ள ஒருவர் கொண்டுவரும் மசோதா சட்டமாதல் அரிது. கல்லூரி மாணவர்க்கான பெல் உதவித்தொகையின் உச்சவரம்பை 4,050 டாலரிலிருந்து 5,100 டாலராக உயர்த்தக் கோரி 2005 இல் அவர் கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை. 'முதல் மசோதா' என்னும் தலைப்பு தொடக்கத்தை அறிவிக்கும். அது குழுநிலையில் தேங்கி நின்றதை ஓர் ஆண்டு கழித்துத் தலைப்பாக்குவதற்கு இதழியல் மரபில் இடம் குறைவு. ஆகவே அறிவித்தவை மிகுதியாகவும் விளைந்தவை குறைவாகவும் பதிவாகின்றன.

படைவீரர் இழப்பீடு: எழுவாய் மாறிய செய்தி

இவ்வழக்கத்திற்கு மாறான சான்றொன்று ஒபாமா பதவியேற்பதற்கு முந்தைய மாதமே வெளிவந்தது. படைப்பணியில் உடலோ மனமோ பாதிப்புற்ற முன்னாள் படைவீரர்க்கு வழங்கப்படும் இயலாமை இழப்பீட்டில் இல்லினாய் மாநிலத்தவர் பெறும் தொகை நாட்டிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்று என்பதை 2004 திசம்பரில் 'சிகாகோ சன் டைம்ஸ்' வெளிக்கொணர்ந்தது. அச்செய்தியின் எழுவாய் படைவீரர். எந்த அரசியலாளரும் அல்லர்.

அதன் விளைவு பெரிது. முன்னாள் படைவீரர் நலத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் இவ்வேறுபாட்டை ஆராய்ந்து 2005 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. 2004 நிதியாண்டில் ஒருவர்க்கான சராசரி ஆண்டுத் தொகை இல்லினாயில் 6,961 டாலராகவும் நியூ மெக்சிகோவில் 12,004 டாலராகவும் இருந்தமையை அவ்வறிக்கை உறுதிசெய்தது. ஒரே நாட்டுக்காகப் பணிபுரிந்தோரிடையே 5,043 டாலர் வேறுபாடு நிலவிற்று. மனவடு நோய் போன்றவற்றை மதிப்பிடுவதில் அலுவலர்தம் தற்சார்புத் தீர்ப்புக்கு இடமிருப்பதும், விண்ணப்பதாரர்க்குப் படைவீரர் அமைப்புகளின் துணை கிடைப்பதும் கிடைக்காமையும் காரணங்களுள் அடங்கும் என அது சுட்டியது.

ஒபாமா செனட்டின் முன்னாள் படைவீரர் நலக் குழுவில் உறுப்பினரானவர். மாநிலத்தின் மூத்த செனட்டர் டிக் டர்பினுடன் இணைந்து அவர் இச்சிக்கலைக் கையிலெடுத்தார். அவருடைய முதலாண்டின் உறுதியான பணிகளுள் ஒன்று இதுவே. ஆயின் அப்பணிக்கான பொருளை வகுத்துக் கொடுத்தது நாளிதழ் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. செனட்டரின் பின்னே செய்தி செல்லும் வழமை இங்குத் தலைகீழாகிச் செய்தியின் பின்னே செனட்டர் சென்றார்.

இச்சான்று அத்துடன் நின்றுவிடவில்லை. தலைமை ஆய்வாளர் அலுவலகம் மனவடு நோய்க்கான 2,100 கோப்புகளை ஆராய்ந்து, அவற்றுள் பலவற்றில் போதிய ஆவணங்கள் இல்லை என்றது. அதனை அடியொற்றி, முழு இழப்பீடு பெறும் ஏறத்தாழ 72,000 பேரின் கோப்புகளை மீளாய்வு செய்யத் துறை முற்பட்டது. குறைவாகப் பெறுவோர்க்கு உயர்த்துமாறு எழுந்த கோரிக்கை, முழுமையாகப் பெறுவோரிடமிருந்து பறிக்கும் அச்சமாக மாறிற்று. பாட்டி மரே, டர்பின், ஒபாமா உள்ளிட்ட செனட்டர்கள் எதிர்த்தனர். 2005 நவம்பரில் துறை அத்திட்டத்தைக் கைவிட்டது.

இத்திருப்பமே உள்ளூர்ச் செய்திக்கான உண்மைத் தேர்வு. 'இல்லினாய்க்கு அநீதி, செனட்டர் நீதி கேட்கிறார்' என்னும் சட்டகம் மே மாதம் வரை பொருந்தும். அதன்பின் சிக்கல் மாநில எல்லையைக் கடந்து நாடு முழுதுமுள்ள நோயுற்றோரின் அச்சமாகிவிட்டது. கோரிக்கையிலேயே செய்தி முடிந்துவிடுமாயின், அக்கோரிக்கையின் வழியே வந்த எதிர்பாரா விளைவை வாசகர் அறிய வாய்ப்பில்லை. படைவீரரை எழுவாயாகக் கொண்ட செய்தி மட்டுமே நவம்பர் வரை நீள இயலும்.

ஒரு மாநிலம், இரு வாக்குகள்

புதிய செனட்டரை அளக்க ஒவ்வொரு மாநிலத்திற்கும் இயல்பாகவே ஓர் அளவுகோல் உண்டு. அதே மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மற்றொரு செனட்டரே அவ்வளவுகோல். 2005 தொடக்கத்தில் ஒரே கட்சியினரான ஒபாமாவும் டர்பினும் இரு முதன்மை வாக்கெடுப்புகளில் வேறுபட்டனர். சனவரி 26 அன்று கொண்டலீசா ரைஸின் வெளியுறவு அமைச்சர் நியமனம் 85க்கு 13 என நிறைவேறியபோது ஒபாமா ஆதரித்தார், டர்பின் எதிர்த்தார். பிப்ரவரி 10 அன்று கூட்டு வழக்குச் சட்டம் 72க்கு 26 என நிறைவேறியபோதும் அவ்வாறே நிகழ்ந்தது.

இரண்டாவது வாக்கு இல்லினாய் மண்ணோடு நேரடித் தொடர்புடையது. பலர் சேர்ந்து தொடுக்கும் பெரிய வழக்குகள் பலவற்றை மாநில நீதிமன்றங்களிலிருந்து கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு மாற்றுவது அச்சட்டம். அதனை வேண்டிய வணிக அமைப்புகள் தொடர்ந்து சுட்டிக்காட்டிய இடம் தென்மேற்கு இல்லினாயிலுள்ள மேடிசன் கவுண்டி நீதிமன்றமே. நுகர்வோர் அமைப்புகளோ, எளியோர் இழப்பீடு பெறும் வழி இதனால் அடைபடும் என்றன. தம் மாநில நீதிமன்றமே விவாதத்தின் நடுவிலிருக்க, ஒரே கட்சியின் இரு செனட்டர்கள் எதிரெதிராக வாக்களித்தமை எந்த அறிமுகக் கட்டுரையைவிடவும் புதியவரை மிகுதியாக விளக்கக்கூடியது. தேசிய ஊடகத்திற்கு இது கட்சிக் கணக்கில் ஓர் எண். உள்ளூர் இதழுக்கோ பெயரும் ஊரும் உடைய செய்தி. இவ்வேறுபாட்டைத் தொடர்ந்து பின்பற்றுவதே உள்ளூர் இதழியலின் தனியுரிமையும் கடமையும் ஆகும்.

பயணச் செய்தியின் கவர்ச்சி

2005 ஆகஸ்டில் ஒபாமா, அண்டை மாநிலமான இண்டியானாவின் செனட்டர் ரிச்சர்ட் லூகருடன் ரஷ்யா, உக்ரைன், அஜர்பைஜான் ஆகிய நாடுகளுக்குச் சென்றார். ரஷ்யாவின் பெர்ம் விமான நிலையத்தில் அவர்கள் ஏறத்தாழ மூன்று மணி நேரம் தடுத்து வைக்கப்பட்டனர். 'சிகாகோ ட்ரிப்யூன்' செய்தியாளர் ஜெஃப் ஸெலனி உடன் சென்றிருந்தார். உள்ளூர் நாளிதழ் செய்தியாளரை அனுப்பியமை பாராட்டுக்குரியது.

ஆயினும் அப்பயணத்தின் பயன் விமான நிலையக் காத்திருப்பில் இல்லை. ஆயுதக் கிடங்குகளை அழிப்பது குறித்த லூகர்-ஒபாமா சட்டத்தில் உள்ளது. அது சட்டமானது 2007 சனவரியில். மூன்று மணி நேர நிகழ்வுக்கு உடனடிச் செய்தி மதிப்பு உண்டு. ஓராண்டுக்கு மேல் நீண்ட சட்டமாக்கத்திற்கு அது இல்லை. ஒபாமா 2007 பிப்ரவரி 10 அன்று ஸ்பிரிங்ஃபீல்டில் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கான போட்டியை அறிவித்தபோது, ஆள் பற்றிய செய்தி பணி பற்றிய செய்தியை முற்றாக முந்திவிட்டது.

செய்தியாளர் இல்லாத இடம்

இவ்விமர்சனம் வளமான இதழியல் இருந்த ஒரு மாநிலத்தைப் பற்றியது என்பதையும் கருத வேண்டும். ஜேம்ஸ் ஸ்னைடர், டேவிட் ஸ்ட்ரோம்பர்க் ஆகியோர் 2010 இல் வெளியிட்ட ஆய்வு, உள்ளூர் இதழ்கள் குறைவாகக் கவனிக்கும் கீழவை உறுப்பினர்கள் தம் தொகுதிக்காகக் குறைவாகவே உழைக்கின்றனர் எனக் காட்டியது. 50 மாநிலங்களுள் 21 இல் எந்த நாளிதழுக்கும் பேரவையைக் கவனிக்கத் தனிச் செய்தியாளர் இல்லை எனப் பியூ ஆய்வு மையம் 2016 இல் தெரிவித்தது. அங்கெல்லாம் செனட்டரின் அலுவலக அறிக்கையே செய்தியாக நிலைபெறும் வாய்ப்பு மிகுதி. எழுவாயை மாற்றுவதற்கு முதலில் எழுதுவோர் ஒருவர் இருத்தல் வேண்டும்.

முடிவுரை

இல்லினாய் 2005 தரும் படிப்பினை மூவகைப்படும். புதியவரின் பணியை அவர் அறிவித்தவற்றைக்கொண்டு அளப்பதைவிட, அவர் வருமுன்பே மாநிலத்தில் இருந்த சிக்கல் என்னவாயிற்று என்பதைக்கொண்டு அளப்பது பொருந்தும். சக செனட்டரின் வாக்கோடு ஒப்பிடுவது எவ்விதழுக்கும் எட்டக்கூடிய எளிய உரைகல். கோரிக்கையில் தொடங்கிய செய்தியை அதன் விளைவு வரை, அவ்விளைவு எதிர்பாராததாயினும், பின்தொடர்தல் இன்றியமையாதது. 6,961 டாலர் பெற்ற படைவீரரைப் பற்றிய செய்தி, ஒபாமாவைப் பற்றிய செய்தியாக எழுதப்படவில்லை. அவருடைய முதலாண்டை மதிப்பிட முனைவோர்க்கு இன்று உறுதியான சான்றாக நிற்பது அதுவே.