கீரிப்பிள்ளைக் கதையில் அப்பா எங்கே போனார்?

கீரிப்பிள்ளைக் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் ரொம்பக் குறைவு. தொட்டிலில் குழந்தை, வீட்டோடு வளரும் கீரி, தண்ணீருக்குப் போகும் அம்மா. பாம்பு வருகிறது. கீரி அதைக் கடித்துக் கொன்றுவிட்டு, வாயெல்லாம் ரத்தத்தோடு வாசலுக்கு ஓடி வருகிறது. அம்மா கையில் இருந்த குடத்தை அதன் தலையில் போடுகிறாள். உள்ளே போய்ப் பார்த்தால் குழந்தை சௌக்கியமாகத் தூங்குகிறது. "ஆகவே குழந்தைகளே, எதிலும் அவசரப்படக் கூடாது." கதை முடிந்தது.

இந்த நீதியில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதை யாரிடம் சொல்கிறோம் என்று பாருங்கள். கதையில் அவசரப்பட்டவர் ஒரு பெரியவர். அதற்கு முன்னால் குழந்தையை ஒரு விலங்கோடு தனியாக விட்டுவிட்டுப் போனவரும் பெரியவர்தான். பெற்றோருக்குச் சொல்ல வேண்டிய கதையைப் பிள்ளைகள் பக்கம் தள்ளிவிட்டு நாம் நழுவிக்கொண்டோம் என்பதே என் வாதம். நாயும் பூனையும் குழந்தையும் ஒரே ஹாலில் வளரும் வீடுகள் இன்றைக்கு நிறைய. அதனால் இந்தக் கதையை அதன் பழைய வடிவங்களோடு சேர்த்து மறுபடி ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

பஞ்சதந்திரத்தில் இந்தக் கதை ஐந்தாம் தந்திரத்தில் வருகிறது. ஆராயாமல் செய்யும் காரியங்களைப் பற்றிய பகுதி அது. 1199இல் பூர்ணபத்திரர் என்ற சமணத் துறவி தொகுத்த வடிவத்தில், நாம் சிறுவயதில் கேட்ட கதையில் விட்டுப்போன இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. முதலாவது, அந்த அம்மா கீரிக்கும் தாய்ப்பால் கொடுத்து, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பெற்ற பிள்ளையைப் போலவே வளர்க்கிறாள். ஆனாலும் உள்ளுக்குள் நம்பவில்லை. இது எப்போதாவது என் மகனை ஏதாவது செய்துவிடுமோ என்ற பயம் இருந்துகொண்டே இருக்கிறது. இரண்டாவது, தண்ணீருக்குக் கிளம்பும்போது அவள் கணவனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போகிறாள்: கீரியிடமிருந்து குழந்தையைப் பார்த்துக்கொள் என்று. அவரோ வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் பிச்சை வாங்கக் கிளம்பிப் போய்விடுகிறார்.

இந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் கதை அவசரக்காரப் பெண்ணின் கதை. திரும்பச் சேர்த்துவிட்டால், கவனக்குறைவான அப்பாவின் கதை. பூர்ணபத்திரரின் அம்மாவும் இதைப் புரிந்துகொண்டிருக்கிறாள். அவர் கஞ்சியோடு திரும்பி வரும்போது, பேராசை பிடித்தவரே, நான் சொன்னதைக் கேட்காததால் வந்த புத்திரசோகத்தை இப்போது அனுபவியும் என்கிறாள். செத்தது கீரி. அவள் சொல்வதோ புத்திரசோகம். குடத்தைப் போடும்வரை சந்தேகத்துக்குரிய விலங்காக இருந்தது, செத்த பிறகு மகனாகிவிடுகிறது.

ஹிதோபதேசத்தில் பழி இன்னும் நேராக அப்பாவிடம் போகிறது. உஜ்ஜயினியில் மாதவன் என்று ஒரு அந்தணர். மனைவி குழந்தையை அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் குளிக்கப் போகிறாள். அந்த நேரம் பார்த்து அரண்மனையிலிருந்து சிராத்தத்துக்கு அழைப்பு. உடனே போகாவிட்டால் தானம் வேறு யாருக்காவது போய்விடும். குழந்தையைக் கீரியின் பொறுப்பில் விட்டுவிட்டுக் கிளம்புகிறார். திரும்பி வந்து கீரியைக் கொல்பவரும் அவரே. 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா அரபியில் எழுதிய கலீலா வ திம்னாவிலும் கிட்டத்தட்ட இதேதான்: மனைவி குளிக்கப் போகிறாள், அரசனின் ஆள் வருகிறான், கணவன் கிளம்பிவிடுகிறான்.

எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. விலங்கு மாறுகிறது, ஊர் மாறுகிறது, அடிப்பவர்கூட மாறுகிறார். மாறாதது, குழந்தைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பெரியவர் அங்கே இல்லை என்பது. போவதற்குச் சொல்லும் காரணமும் எப்போதும் நியாயமாகவே இருக்கிறது. தண்ணீர், குளியல், சம்பாத்தியம். கொஞ்ச நேரம்தானே!

இனி நம்ம ஊருக்கு வருவோம். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் இந்தக் கதையின் நிழல் இருக்கிறது. மாடலன் என்ற மறையவன், கோவலன் முன்பு செய்த நல்ல காரியங்களை எடுத்துச் சொல்லும் இடம். கீரிப்பிள்ளை இறந்துபோகக் காரணமான மனைவியை விட்டுவிட்டு ஒரு அந்தணன் வடக்கே போகிறான். அழுதுகொண்டே பின்னால் வருபவளிடம், உன் கையால் உண்டு வாழ்வது இனித் தகாது என்கிறான். வடமொழி வாசகம் எழுதிய ஓர் ஏட்டைக் கொடுத்து, கடமை அறிந்த யாரிடமாவது இதைக் கொடு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். அவள் வணிகர் தெருவில் வீடு வீடாக அலைகிறாள். கோவலன்தான் கூப்பிட்டு விசாரிக்கிறான். அவள் பாவம் தீரத் தானம் செய்கிறான், காட்டுக்குப் போன கணவனைத் திரும்ப அழைத்து வருகிறான், கையிலும் பொருள் கொடுத்து இருவரையும் சேர்த்து வைக்கிறான்.

இங்கே பழி முழுக்க மனைவி தலையில் விழுகிறது. சம்பவம் நடந்தபோது கணவன் எங்கே இருந்தான் என்ற கேள்வியே எழவில்லை. பஞ்சதந்திரத்தில் அவள் குற்றம் சாட்டுகிறாள். சிலம்பில் அவள் தெருத்தெருவாகப் பரிகாரம் தேடுகிறாள். இன்றைக்கும் வீட்டு நாய் குழந்தையைக் கடித்துவிட்டது என்றால் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "அம்மா என்ன பண்ணிட்டிருந்தா?" என்பதுதான். நாயை ஆசைப்பட்டு வாங்கி வந்தவர் அப்பாவாக இருந்தாலும் கேள்வி மாறுவதில்லை.

இளங்கோ இந்தக் கதையை வைத்த இடமும் சும்மா இல்லை என்று நினைக்கிறேன். அடுத்து வருவது கொலைக்களக் காதை. கையில் சிலம்பு இருந்தது என்பதற்காகத் தீர விசாரிக்காமல் கோவலன் கொல்லப்படுகிறான். வாயில் ரத்தம் இருந்ததால் கீரி, கையில் சிலம்பு இருந்ததால் கோவலன். அவசரத் தீர்ப்பால் உடைந்த ஒரு குடும்பத்தை ஒட்டவைத்தவன், அதே மாதிரித் தீர்ப்புக்கே பலியாகிறான். அவசரம் என்பது வீட்டுக்குள் அடங்கும் சின்னக் குணம் இல்லை, அதிகாரம் கையில் இருப்பவரிடம் அது கொலை செய்யும் என்று காவியம் காட்டுகிறது. குழந்தைக்கும் நாய்க்கும் முன்னால் பெற்றோரும் ஒரு குட்டி அரசர்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஐரோப்பாவுக்குப் போனபோது கீரி நாயானது. 13ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் லியோன் நகர்ப் பக்கம் போதனைக்குச் சென்ற பூர்போனின் ஸ்டீபன் என்ற தோமினிக்கன் துறவி, ஒரு விசித்திரமான வழிபாட்டைப் பதிவு செய்திருக்கிறார். கினஃபோர் என்ற வேட்டை நாய். பிரபு வீட்டில் இல்லை, சீமாட்டி இல்லை, தாதியும் வெளியே. தொட்டில் அருகே பாம்பு. நாய் அதைக் கொல்கிறது, தொட்டில் கவிழ்கிறது, ரத்தத்தைப் பார்த்த பிரபு நாயை வாளால் வெட்டுகிறார். அந்த நாயின் சமாதிக்குக் கிராமத்துத் தாய்மார்கள் தங்கள் நோய்ப்பட்ட குழந்தைகளைத் தூக்கி வந்து வேண்டிக்கொண்டார்கள். துறவி சமாதியைத் தோண்டி எலும்புகளை எரித்தார், தோப்பையும் வெட்டினார். திருச்சபை ஏற்கவே இல்லை. ஆனாலும் வழிபாடு பல நூற்றாண்டுகள் நீடித்தது. மூன்று பெரியவர்களும் இல்லாத நேரத்தில் இருந்தது அந்த நாய் ஒன்றுதான். அந்தத் தாய்மார்கள் கதையைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இந்த வழிபாட்டு மனநிலையில் ஒரு சிக்கலும் இருக்கிறது. காவல் தெய்வமாக்கினாலும் சரி, "எங்க வீட்டு மூத்த பையன்" என்று கொஞ்சினாலும் சரி, நாய் நாய்தான். தமிழ் கீரியையும் கிளியையும் அணிலையும் 'பிள்ளை' போட்டுக் கூப்பிடுகிறது, தென்னங்கன்றும் தென்னம்பிள்ளைதான். தொல்காப்பிய மரபியல் யானைக்கன்றுக்கும் மனிதச் சிசுவுக்கும் 'குழவி' என்ற ஒரே சொல்லைத் தருகிறது. அழகான மரபு. ஆனால் அதே மரபியல் எந்த உயிருக்கு எந்த இளமைப் பெயர் பொருந்தும் என்று பிரித்துப் பிரித்தும் சொல்கிறது. உறவு கொண்டாடலாம், வேறுபாட்டை மறக்கக் கூடாது. பூர்ணபத்திரரின் கதையில் நடந்தது இதற்கு நேர்மாறு. பால் கொடுத்தார்கள், பிள்ளை என்றார்கள். அதன் குணம் என்ன, அது எதற்குப் பயப்படும், வாயில் ரத்தம் இருந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் கவனிக்கவில்லை. கீரி வாழும் வீட்டில் ரத்தத்தைப் பார்த்தால் பாம்பு நினைவுக்கு வர வேண்டாமா? (கதையைக் கேட்டுவிட்டு யாரும் கீரி வளர்க்கக் கிளம்ப வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு.)

இன்றைய வீட்டுக்கு வருவோம். லாப்ரடார் முதுகில் எட்டு மாதக் குழந்தை படுத்திருக்கிறது, கீழே ஆயிரக்கணக்கில் லைக். அந்த வீடியோவை ஒலியில்லாமல், நாயின் முகத்தை மட்டும் பாருங்கள். சில வீடியோக்களில் நாய் உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும். "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று நாய் சொல்லும் விதம் இது. அடுத்த கட்டம் உறுமல். உறுமினால் நாம் அடிக்கிறோம். அடி வாங்கிய நாய் கற்றுக்கொள்வது குழந்தையை நேசிக்க அல்ல, உறுமாமல் இருக்க. பிறகு ஒருநாள் "முன்னறிவிப்பே இல்லாமல் கடித்துவிட்டது" என்போம். அறிவிப்பை நிறுத்தியதே நாம்தான்.

சின்னக் குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் தெரியாத நாய் இல்லை. தெரிந்த நாய்தான், அதிலும் வீட்டுக்குள்ளேயே. சாப்பிடும்போது தட்டில் கை வைப்பது, தூங்கும்போது மேலே விழுவது, கழுத்தைக் கட்டிக்கொள்வது. அதனால்தான் கால்நடை மருத்துவர்களும் குழந்தை மருத்துவர்களும் சொல்வது ஒன்றே: சிறு குழந்தையையும் நாயையும், எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும், தனியாக விடாதீர்கள். ஒரு நிமிடம் நகர வேண்டுமென்றால் இரண்டில் ஒன்றைக் கூடவே அழைத்துப் போங்கள். கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் பக்கத்தில் இருப்பது ஆகாது.

"அந்தக் காலத்துல எல்லாம் ஒண்ணாத்தானே வளர்ந்தோம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வீடுகளில் நாய் பெரும்பாலும் வாசலில் கிடந்தது, மாடு தொழுவத்தில் நின்றது, குழந்தையைச் சுற்றிப் பாட்டி, அத்தை, சித்தி என்று நாலு ஜோடிக் கண்கள் இருந்தன. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் இரண்டு படுக்கையறை வீட்டில் அந்தக் கண்கள் இல்லை, நாய் விலகிப் போக வாசலும் இல்லை. குழந்தை நெருங்க முடியாத ஒரு மூலையாவது நாய்க்கு வேண்டும்.

கதையின் இரண்டாவது தவறான அந்த அவசர அடிக்கு, இன்று நாம் கொடுக்கும் விலை இன்னும் பெரியது. ரேபிஸ் நோயின் அறிகுறிகள் தெரிய ஆரம்பித்துவிட்டால் அநேகமாகக் காப்பாற்றவே முடியாது. ஆனால் கடிபட்ட உடனே சிகிச்சை எடுத்தால் தடுத்துவிடலாம். ரேபிஸ் சந்தேகமுள்ள விலங்குகளிடம் கடிபடுபவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தம் வராத சின்னக் கீறலுக்குக்கூட, அப்படிப்பட்ட விலங்கென்றால் தடுப்பூசி தேவை. மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதெல்லாம் நடக்க, முதலில் குழந்தை வந்து சொல்ல வேண்டும். இங்கேதான் அந்தக் குடம் மறுபடி வருகிறது. சொன்னால் தனக்கு அடி விழும், அல்லது நாயைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடுவார்கள் என்று தெரிந்தால் எந்தக் குழந்தை சொல்லும்? கீறலைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொள்ளும். முதலில் அடி, பிறகு விசாரணை என்று நடக்கும் வீட்டில் கீரி மட்டுமல்ல, குழந்தையும் பாதுகாப்பாக இல்லை.

கதையைச் சொல்வதை நிறுத்த வேண்டியதில்லை. விட்டுப்போன வரியைச் சேர்த்துச் சொன்னால் போதும். குழந்தை கட்டாயம் கேட்கும், "அப்பா ஏன் போனாரு?" என்று. மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். கூடவே, "நாய் கீறினாலோ கடிச்சாலோ எங்கிட்ட வந்து சொல்லு. உன்னையும் அடிக்க மாட்டேன், அதையும் அடிக்க மாட்டேன்" என்ற வாக்கையும் கொடுங்கள். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றவும் வேண்டும். குழந்தைகள் இதையெல்லாம் மறப்பதில்லை.