மூன்று தரம் கரண்ட் போனால்

கண்டி ஹந்தானையில் கரண்ட் நேராகப் போய் நேராக வருவதில்லை. தேயிலை நூதனசாலைக்கு ஏறும் பாதையில், எங்கள் வளைவில், மழைக்காற்று ஆரம்பித்தால் பல்ப் மங்கும், பிரிட்ஜ் முனகும், எல்லாம் அணையும். பத்து விநாடியில் வரும். அரை நிமிடத்தில் மறுபடி போகும். மூன்று நாலு தரம் கண்ணாமூச்சி ஆடிவிட்டுத்தான் இருப்பதா போவதா என்று முடிவெடுக்கும். ஒரு வைஃபை ரவுட்டரைப் பற்றி எழுதும்போது இங்கிருந்து தொடங்கக் காரணம் உண்டு. நாலு மாதமாக என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த ரவுட்டரின் வேகமோ தூரமோ இல்லை, இந்தக் கண்ணாமூச்சிதான்.

வீட்டு நிலவரம் இப்படி. சரிவின் மேல் வீட்டில் அம்மாவும் நானும். படிக்கட்டில் இறங்கினால் முப்பது மீட்டர் கீழே தங்கச்சி குடும்பம். நடுவில் ஒரு பலா மரம். ஃபைபர் இணைப்பு மேல் வீட்டுக்கு மட்டும்தான். கேபிள் இழுத்தால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். இழுத்தேன், இரண்டு காலிலும் அட்டை ஏற. ஆனால் மார்ச், ஏப்ரல் பின்னேரங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கண்டியில் இடி இறங்கும் விதம் தெரிந்தவர்கள், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கம்பி கட்டிவிட்டு நிம்மதியாக உறங்கமாட்டார்கள். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். முதல் ஏப்ரலிலேயே இரு முனையிலும் போர்ட் கருகிப்போனது. ஆகவே மெஷ்: கம்பி இல்லாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பல வைஃபை பெட்டிகள்.

பம்பலப்பிட்டியில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் மூன்று பெட்டி கொண்ட செட் ஒன்றை வாங்கினேன். மூன்று ரேடியோ, வைஃபை 6, 12 வோல்ட் அடாப்டர். மிச்சம் அட்டைப்பெட்டியிலேயே எழுதியிருக்கும். கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அதன் செயலியைப் பற்றி மனம் திறந்து பேச வேண்டியிருக்கிறது.

அந்தச் செயலிக்கு ஒரு கணக்கு வேண்டும். கணக்குக்கு மின்னஞ்சல் வேண்டும். என் வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டை மாற்ற, எங்கேயோ கடல் கடந்திருக்கும் சர்வரிடம் நான் அனுமதி கேட்க வேண்டும். ஃபைபர் அறுந்த ஒரு நாள், என்ன கோளாறு என்று பார்க்கச் செயலியைத் திறந்தேன். ‘இணையம் இல்லை, பிறகு முயலவும்’ என்றது. இணையம் இல்லை என்பதால்தானே ஐயா திறந்தேன்! போதாததற்கு, அந்த மாடலுக்குப் புது அப்டேட் வருவதும் நின்றுவிட்டிருந்தது. பெட்டி நன்றாக இருக்கிறது, உள்ளே இருக்கும் மூளைக்கு (ஃபர்ம்வேருக்கு) மட்டும் ஓய்வூதியம் கொடுத்துவிட்டார்கள்.

அந்த மூளையை எடுத்துவிட்டு வைத்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. வாய்க்குள் நுழையாத பெயர். இனி ஓப்பன் என்றே சொல்கிறேன். பெயரின் வால் ஒரு பழைய பெட்டியிலிருந்து வந்தது. 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் விற்பனைக்கு விட்ட டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற நீலமும் கறுப்புமான ரவுட்டருக்குள் லினக்ஸ் ஓடுவதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமப்படி மூலநிரலைக் கேட்டவருக்குக் கொடுத்தாக வேண்டும். 2003இல் கொடுத்தார்கள். அதை வைத்து 2004இல் தொடங்கியதுதான் ஓப்பன். கதை அதோடு முடியவில்லை. 2005இல் வந்த ஐந்தாம் வெர்ஷனில், வெளித்தோற்றம் மாறாமல், உள்ளே நினைவகத்தைப் பாதியாகக் குறைத்து லினக்ஸையும் தூக்கிவிட்டார்கள். லினக்ஸ் வேண்டும் என்பவர்களுக்கு ‘எல்’ என்ற எழுத்தைக் கூட்டித் தனியாக ஒரு மாடல் விற்றார்கள். இருபது வருடத்துக்குப் பிறகும் இந்தப் பாடம் பழசாகவில்லை. பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் வெர்ஷன் எண்ணைப் பார்க்காமல் காசை எண்ணாதீர்கள். ஒரே பெயர், ஒரே உருவம், உள்ளே வேறு சிப் என்பது இந்தத் தொழிலில் சாதாரணம்.

ஏற்றுவது பயந்த அளவுக்கு இல்லை. ஓப்பனின் 24.10 பதிப்பை இறக்கி, கேபிளில் மடிக்கணினியை மாட்டி, ரவுட்டரின் பழைய பக்கத்திலேயே ‘அப்டேட்’ என்று கொடுத்தால் வேலை முடிந்தது. மூன்று பெட்டிக்கும் ஒரு பின்னேரம் போதும். அதற்குப் பிறகு மெஷ்ஷைக் கையால் கட்ட ஒரு வாரம் போனது, அது வேறு விஷயம். கம்பெனி மூளையில் மூன்று பெட்டியும் ஒரே குடும்பம். ஓப்பனில் மூன்றும் தனித்தனி ஆட்கள். ஒவ்வொன்றிடமும் போய் 802.11எஸ் என்ற மெஷ் முறையை, அலைவரிசையை, நாட்டுக் குறியீட்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பெட்டிக்குப் பெட்டி ஃபோன் சட்டென்று தாவ 802.11ஆர் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டதும் அம்மாவின் பழைய ஃபோன் வைஃபையோடு பேச்சை நிறுத்திவிட்டது. எடுத்துவிட்டேன். அம்மா அப்படியொன்றும் ஓடிக்கொண்டே பேசுபவர் இல்லை.

பலன் இல்லாமல் இல்லை. என் மருமகன் இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறான். மாலையில் ஸூமில் கணித வகுப்பு. அதே நேரம் மச்சான் வேலைத்தள வீடியோக்களை மேலே ஏற்றுவார். முன்பு சாரின் குரல் கிணற்றுக்குள் விழுந்து விழுந்து எழும். லைன் வேகம் போதவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம், பெரிய பெக்கேஜுக்கு மாறவும் இருந்தோம். விஷயம் அது இல்லை. வெளியே போகக் காத்திருக்கும் தரவை இணைப்புச் சாதனங்கள் அளவுக்கு மீறி வரிசையில் நிறுத்திவிடுகின்றன. குரல் போன்ற சின்னப் பொட்டலமும் வீடியோ மூட்டைக்குப் பின்னால் நிற்கிறது, கண்டி பஸ் நிலையத்தில் ஒரு கடிதம் மட்டும் கொடுக்க வந்தவன் பார்சல் ஏற்றுபவர்களுக்குப் பின்னால் நிற்பதைப் போல. ஓப்பனில் கேக் என்று ஒரு வரிசை ஒழுங்கு இருக்கிறது. 2018இல் லினக்ஸ் கருவிலேயே சேர்ந்துவிட்ட சாமான். லைனின் உண்மையான வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கை எல்லையாகக் கொடுத்தால், மீதியை அது பார்த்துக்கொள்ளும். இந்த வரிசை நோயைத் தீர்க்க ஊர் ஊராகக் கத்தியவர்களில் ஒருவர் டேவ் டாட். 2025 ஏப்ரலில் காலமானார். என் மருமகனுக்கு அவரைத் தெரியாது, ஆனால் திரிகோணகணிதம் இப்போது விட்டு விட்டுக் கேட்பதில்லை.

இப்படி மூன்று வாரம் மார்தட்டிக்கொண்டிருந்தேன். நாலாம் வாரம் ஒரு மழைநாள், கீழ் வீட்டிலிருந்து மருமகன் கூப்பிட்டான்.

“மாமா, பழைய வைஃபை வந்து நிக்குது.”

“என்னடா பழைய வைஃபை?”

“பழைய பேரு மாமா. நீங்க அழிச்சீங்களே, அது.”

இறங்கிப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். நான் கழற்றி எறிந்த கம்பெனி மூளை உயிரோடு எழுந்து, பழைய பெயரோடு, மேல் வீட்டுப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தது. ஆவி நம்பிக்கை எனக்கில்லை. ஆனாலும் ஒரு கணம் பலா மரத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

விளக்கம் இதுதான். இந்தப் பெட்டிக்குள் இரண்டு அறைகள் உண்டு. புது ஃபர்ம்வேரை ஏற்றும்போது அது காலியான அறைக்குப் போகிறது. பழையது தன் அறையிலேயே படுத்திருக்கிறது. பெட்டி ஒவ்வொரு முறை எழும்போதும், ஃபர்ம்வேரை எழுப்பும் பூட்லோடர் என்ற சின்ன நிரல் ஒரு கோடு கிழித்து எண்ணுகிறது. ஃபர்ம்வேர் முழுதாக எழுந்து முடிந்ததும் அந்தக் கோட்டை அழிக்கிறது. எழுந்து முடிவதற்குள் அணைந்துவிட்டால் கோடு நிற்கும். தொடர்ந்து மூன்று கோடு விழுந்தால், ‘இந்த ஃபர்ம்வேருக்குச் சுகமில்லை’ என்று பூட்லோடர் முடிவு கட்டி அடுத்த அறைக் கதவைத் தட்டுகிறது. கெட்டுப்போன அப்டேட்டால் பெட்டி செங்கல்லாகிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த அருமையான ஏற்பாடு. இதைச் செய்தவர் கரண்ட் ஒழுங்காக வரும் ஊரில் இருந்திருக்கிறார்.

ஓப்பன் எழுந்து முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். எங்கள் கண்ணாமூச்சி அரை நிமிடம். கணக்குச் சரியாகிவிட்டதல்லவா? நீண்ட மின்வெட்டால் இந்தப் பெட்டிக்கு ஒன்றுமே ஆகாது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். அது நேரம் சொல்லி வெட்டியது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஏறியதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்ன அந்த நாடளாவிய இருட்டும் அப்படித்தான்: ஒரே போக்கு, பிறகு வரவு. ரவுட்டரை ஏமாற்றுவது இந்த அரை நிமிடச் சிமிட்டல்தான். எங்கள் கூரையில் குதிக்கும் குரங்குகள் மீது எனக்குச் சந்தேகம் இருந்தும் சாட்சி இல்லை.

சரி, இரண்டு அறையிலும் ஓப்பனையே குடிவைத்துவிடலாம் என்று இன்னொரு முறை ஏற்றினேன். இப்போது எந்த அறைக்குத் தாவினாலும் ஓப்பன்தான். வெற்றி என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து வைஃபை பாஸ்வேர்டை மாற்றினேன். அடுத்த மழைக்குக் கீழ் வீட்டுப் பெட்டி அடுத்த அறைக்குத் தாவி, பழைய பாஸ்வேர்டையும் பழைய மெஷ் சாவியையும் வைத்துக்கொண்டு விழித்தது. இரண்டு அறைக்கும் தனித்தனி அமைப்புக் கோப்பு! ஆக எதை மாற்றினாலும் இரண்டு தரம் மாற்ற வேண்டும். மூன்று பெட்டி என்றால் ஆறு தரம். எந்த அறையில் யார் இருக்கிறார் என்று பார்த்து மாற்றிவிட ‘அட்வான்ஸ்ட் ரீபூட்’ என்று ஒரு சேர்க்கை கிடைக்கிறது. நல்ல சேர்க்கை. ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க முடியுமா? தங்கச்சி கேட்ட ஒரே கேள்வி: “அண்ணா, பழையபடி கம்பெனிக்காரனுடையதையே போட்டா என்ன?”

அந்தக் கேள்விக்கு அடுத்த நாளே டவுனுக்கு இறங்கி ரவுட்டர் யூ.பி.எஸ். வாங்கினேன். 2022க்குப் பிறகு இது கிடைக்காத கடை இல்லை. இங்கேயும் ஒரு பொறி. விற்கிறவற்றில் பல 12 வோல்ட் 2 அம்பியர். சாதாரண ஃபைபர் பெட்டிக்கு அது தாராளம். என் மெஷ் பெட்டியின் அடாப்டர் 3 அம்பியர். மூன்று ரேடியோவும் ஒன்றாக எழும் நேரத்தில் யூ.பி.எஸ். மூச்சு வாங்கி அணைந்தது, எழுந்தது, அணைந்தது. மின்சாரமே போகாத ஒரு வெயில் நாளில் மூன்று கோடும் விழுந்து பெட்டி அறை மாறியது. வாங்குபவர்கள் வோல்ட்டைப் பார்த்து நிறுத்திவிடாமல் அம்பியரையும் பாருங்கள்.

தீர்வு அம்மாவிடமிருந்து வந்தது, அவருக்கே தெரியாமல். கரண்ட் வந்து பல்ப் எரிந்த பிறகும் பிரிட்ஜ் ஏன் சும்மா நிற்கிறது என்று நான் கேட்டதற்கு, “அதுக்கு கார்ட் இருக்குல்ல, கரண்ட் நிலைச்சு நின்னாத்தான் விடும்” என்றார். பிரிட்ஜ் கார்ட்! இலங்கையில் பிரிட்ஜ் இருக்கும் வீட்டில் எல்லாம் சுவரில் தொங்கும் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி. கரண்ட் திரும்பியதும் சில நிமிடம் பொறுத்து, இடையில் மறுபடி போனால் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கி, நிலைத்த பிறகே மின்சாரத்தை உள்ளே விடுகிறது. கம்ப்ரஸரைக் காப்பாற்றச் செய்தது. பூட்லோடரின் கோட்டுக் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து எந்த மென்பொருளிலும் இல்லை. கீழ் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் மூன்றாவது பெட்டிக்கும் ஆளுக்கொன்று வாங்கினேன். மேல் வீட்டில் பிரிட்ஜோடு சேர்த்து மாட்டினேன்.

குறை ஒன்று உண்டு. இரவு ஏழு மணிக்கு ஊரே சமைக்கும் நேரம் வோல்டேஜ் மிகவும் இறங்கினால் கார்ட் கதவைச் சாத்திவிடும், வைஃபையும் சேர்ந்து போகும். மழையில் பலா இலை நனைந்தால் கீழ் வீட்டு இணைப்பு இளைப்பதையும் கார்ட் சரிசெய்யாது. (மூட்டம்தான் காரணம் என்று மச்சான் இன்றைக்கும் சாதிக்கிறார். மூட்டத்துக்கு இந்த முப்பது மீட்டரில் ஒன்றும் செய்ய முடியாது. ஈர இலைதான்.) கம்பெனி ஃபர்ம்வேரில் இருந்த வன்பொருள் வேக உதவியும் இந்தப் பெட்டிக்கான ஓப்பனில் இல்லை; பெரிய லைன் வைத்திருப்பவர்களுக்கு அது உறைக்கும், எங்கள் லைனுக்குத் தெரியவில்லை. இவ்வளவுக்கும் பிறகு பழைய மூளைக்குத் திரும்புவேனா என்று கேட்டால், ஆறு தரம் பாஸ்வேர்டு மாற்றினாலும் மாட்டேன்.

மூன்று வாரமாக எந்தப் பெட்டியும் அறை மாறவில்லை. நேற்று இரவு மட்டும் ஐந்து தரம் போய் வந்தது. கடைசியில் கரண்ட் நிலைத்து, பல்ப் எரிந்து, நாங்கள் பேசாமல் காத்திருந்தோம். குசினிச் சுவரில் ‘டக்’ என்றது. பிரிட்ஜ் உறுமியது. அம்மா படிக்கட்டுப் பக்கம் போய்க் கீழே குரல் கொடுத்தார்: “பிரிட்ஜ் வந்திருச்சி, இனி உன் வகுப்பும் வந்திரும்.”