ஊற்றாத கை

பாலாடை பிடிக்கும் நர்ஸின் கையைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும்.

கூடுவாஞ்சேரி, நந்திவரம் பக்கம் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் பலவும் ஜி.எஸ்.டி. சாலை வழியே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போய்ச் சேரும். 34 வாரத்துக்கு முன்பே வந்துவிட்ட குழந்தைக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் இன்னும் ஒத்துப்போகாது. அதனால் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் புகட்டுவார்கள்.

நம் வீட்டில் இருக்கும் அதே பாலாடைதான். நாம் குழந்தையைக் காலில் மல்லாக்கப் போட்டு வாயில் சாய்த்துவிடுவோம். சிஸ்டர் முதலில் புறங்கையால் வயிற்றைத் தொடுவார், அடுத்து உள்ளங்காலை. வயிறு வெதுவெதுப்பாக இருந்து கால் மட்டும் சில்லிட்டிருந்தால் குழந்தைக்குக் குளிர்கிறது. அம்மாவின் வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைப்பார். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் டாக்டர் எட்கர் ரே தொடங்கிவைத்த கங்காரு முறை இது.

சூடு வந்து, கண் விழித்த பிறகுதான் பால். தலையையும் கழுத்தையும் ஒரு கையில் தாங்கிக் குழந்தையைப் பாதி நிமிர்த்துவார். பாலாடையின் மூக்கு கீழுதட்டில் படும். பால் உதட்டை நனைக்கிற அளவுக்கே சாய்ப்பு. அங்கேயே கை நின்றுவிடும்.

எனக்கு அந்த நிற்றல்தான் அழகு. நாக்கு நுனி எட்டிப் பார்க்கும், பாலை நக்கும், தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும், ஒரு மூச்சு வரும். அதுவரை பாலாடை இம்மியும் நகராது. அடுத்த மிடறு எப்போது என்பதைக் குழந்தைதான் சொல்ல வேண்டும். பொறுமை இழந்து கை நீட்டும் பாட்டியிடம், "ஊத்தாதீங்க ஆயா, அதுவே இழுத்துக்கும்" என்பார். கடிந்துகொள்ளும் குரலே இராது. ஊற்றினால் புரையேறும், பால் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும் என்பதையும் அதே நிதானத்தில் சொல்லிவிடுவார்.

எடை குறைந்த குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2011இல் தந்த வழிகாட்டுதலில் நம் பாலாடை பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. அதற்கான பெருமையில் பாதி இந்தக் கைகளுக்குச் சேர வேண்டும்.

குழந்தையை வீட்டுக்கு அழைத்துப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு வேளையாவது சிஸ்டர் பக்கத்தில் இருக்கும்போதே நீங்கள் புகட்டிக் காட்டுங்கள். பாலாடையைக் கழுவிக் கொதிக்க வைப்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.