காணாமையும் அறியாமையும்: மேசையாட்ட விதிநூலில் மறைவு

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று ஆடும் ஆட்டங்களுள் முன்னோடியானது, 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ். பலகையும் காய்களும் இதற்கு இன்றியமையாதன அல்ல. விதிநூலும், ஆட்டநடத்துநர் அதற்குக் கூறும் பொருளுமே ஆட்டத்தை நடத்துகின்றன. நூற்பாவோடும் உரையோடும் பழகிய தமிழாய்வாளர்க்கு இந்நிலை அயலானதன்று. இவ்விதிநூலில் உரைவேறுபாட்டுக்கு மிகவும் இடந்தருவது மறைவு பற்றிய பகுதி.

2014ஆம் ஆண்டுப் பதிப்பு, மறைதற்கு ஏற்ற சூழல் எது என்பதை நடத்துநரின் முடிவுக்கே விட்டது. தெளிவாகக் காண்பவரிடமிருந்து ஒளிய இயலாது என்றும், மந்திரத்தால் உருக்கரந்தவர்கூட ஓசையாலும் அடிச்சுவட்டாலும் இடம் அறியப்படுவர் என்றும் கூறியது. 2024ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு இதனை இறுக்கியது. தக்க மறைப்பின் பின்னே, பகைவர் பார்வைக்கு அப்பால் நின்று, இருபது முகப் பகடையை உருட்டித் தம் திறனெண்ணையும் கூட்டி 15 பெறுபவர் ‘இன்விசிபிள்’ என்னும் நிலையை அடைகிறார். மந்திரத்தால் உருக்கரந்தவர் அடைவதும் இதே நிலைதான். சிக்கல் இங்கே தொடங்குகிறது. தூணின் பின்னே ஒளிந்தவர் வெட்டவெளிக்கு வந்தால் என்னாகும்? முணுமுணுப்பினும் மிக்க ஓசை, தாக்குதல், வாய்மொழி மந்திரம், பகைவர் கண்டுபிடித்தல் ஆகியவற்றால் மறைவு நீங்கும் என்கிறது விதி. வெளிவருதலை அது குறிக்கவில்லை. சொல்லை மட்டும் பற்றுவோர் மறைவு நீடிக்கும் என்பர். எதிரே நிற்பவரைக் காண்பதும் கண்டுபிடித்தலே என்பர் மற்றவர். பின்னதே ஏற்புடையது. முன்னதன்படி தூணும் மந்திரமும் ஒன்றாகிவிடுகின்றன.

காணாமையும் அறியாமையும் வேறு என்பதைத் தமிழ்ச் சிறுவர் விளையாட்டான கிச்சு கிச்சுத் தாம்பாளம் எளிதில் காட்டும். நீளக் குவித்த மணலுக்குள் ஒருவர் சிறு துரும்பை நகர்த்தி ஒளிக்கிறார். எதிரே அமர்ந்தவர் மணலையும் விரல்களையும் கண்கொட்டாமல் பார்க்கிறார். ஆயினும் துரும்பின் இடம் அவருக்குத் தெரியாது. இரு கைகளையும் கோத்து ஓரிடத்தைப் பொத்துகிறார். ஒளிப்பவர் முழுதும் கண்முன்னே இருக்க, மறைவு குலையவில்லை.

தொல்காப்பிய வெட்சித்திணை இன்னும் கூர்மையான சான்று. களவிற் சென்று ஆநிரை கவரும் ஒழுக்கத்தின் துறைகளுள் முதலாவது படை எழும் ஆரவாரம். பகைப்புலத்தார் அறியாமற் செல்லுதலும் ஒற்றறிதலாகிய வேயும் அதன் பின்னரே வருகின்றன. களவுக்கு ஆரவாரமா என ஐயுறுவார்க்கு விடை துறை வரிசையிலேயே உள்ளது. ஓசை எழுவது தம் புலத்தில். மறைய வேண்டுவது பகைவரிடமிருந்து. யாரிடமிருந்து என்னும் வினாவின்றி மறைவுக்குப் பொருளில்லை. 2024ஆம் ஆண்டு விதியோ, கேட்பார் உளரா என வினவாமலே ஓசையால் மறைவை முடித்துவிடுகிறது. மறைவைக் காண்பவர்க்கும் காணப்படுபவர்க்கும் இடையிலான உறவாகக் கொள்ளாது, மறைந்தவர் மேல் ஒட்டிய பண்பாகக் கொண்டதன் விளைவு இது. (கள்ளக்குறிச்சிக்கும் கல்வராயன் மலைக்கும் வடக்கே, செங்கம் வட்டாரத்து நடுகற்கள் தொறு கொண்டதையும் தொறு மீட்டதையும் கூறுகின்றன. களவு வெளிப்பட்டுப் பூசல் மூண்ட பின் வீழ்ந்தோர்க்கே கல் நின்றது. மறைந்தே மீண்டவனுக்கு அங்கு வேலையில்லை.)

நடத்துநரின் விருப்புவெறுப்பைக் குறைத்து எல்லா மேசைக்கும் ஒரே அளவுகோல் தருவது திருத்தத்தின் நோக்கமாகலாம். அந்நோக்கம் குறையுடையதன்று. இருபொருட்கு ஒரு சொல் இட்டதே குறை. இவ்விதிநூலைத் தமிழாக்குவோர் அச்சொல்லுக்கு நேராக ‘புலப்படாமை’ என ஒன்றையே இட்டால் மூலத்தின் மயக்கம் அப்படியே தமிழுக்கும் வந்துசேரும். தூணின் பின் நிற்பதற்கு ‘ஒளிவு’, மந்திரத்தால் நேர்வதற்கு ‘உருக்கரப்பு’ எனப் பிரித்து வழங்கலாம். அவ்வாறு வழங்கின், வெட்டவெளிக்கு வந்தவரைப் பற்றிய வினாவில் பாதி விதியைப் படிக்கும்போதே தீர்ந்துவிடும். எஞ்சிய பாதி, பகைவர் அப்போது எப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது. அதனை நடத்துநர்தாம் சொல்ல வேண்டும்.